நாய்க்கடி: சீட்டுல எழுதலன்னா கணக்குலயும் இல்ல

2024-ல தமிழ்நாட்டுல நாய்க்கடின்னு அரசு பதிஞ்சது 4.80 லட்சம், ரேபிஸ்ல (வெறிநாய்க்கடி நோய்ல) இறந்தவங்க 43 பேர். அதுக்கு முந்தின வருஷம் 4.41 லட்சம், 18 பேர். நாடு முழுக்க அதே 2024-க்கு பார்லிமெண்ட்ல குடுத்த கணக்கு 37 லட்சத்துக்கு மேல கடி, ரேபிஸா இருக்கலாம்னு சந்தேகப்பட்ட சாவு 54. இந்த 54-ஐயும் நம்ம 43-ஐயும் பக்கத்துல வச்சுப் பாருங்க, நம்புற மாதிரியா இருக்கு? மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐ.சி.எம்.ஆர் வீடு வீடாப் போய் எடுத்த சர்வே வருஷத்துக்கு 5,700 பேருக்கு மேல ரேபிஸ்ல சாகுறாங்கன்னு மதிப்பிடுது, கடி வாங்குனவங்கள்ல அஞ்சுல ஒருத்தர் ஊசியே போட்டுக்கலன்னும் சொல்லுது.

இதை ஏன் சொல்றேன்னா, அரசு கணக்குங்கறது மேல எங்கயோ உக்காந்து போடுறது இல்ல, உங்க ஊர் பி.எச்.சி-ல (ஆரம்ப சுகாதார நிலையத்துல) ஓபி சீட்டு எழுதுற டேபிள்ல ஆரம்பிக்குது. அங்க "நாய்க்கடி"ன்னு எழுதி பதிவேட்டுல ஏத்துனாத்தான் அது கடி. வெறும் "காயம்"னு எழுதி டி.டி ஊசி (ரண ஜன்னிக்குப் போடுறது, ரேபிஸுக்கு இல்ல) போட்டு அனுப்பிட்டா நீங்க கணக்குலயும் இல்ல, உங்களுக்கு வரவேண்டிய தடுப்பூசியும் போச்சு. தனியார்ல போட்டுக்கறவங்க பல பேர் எந்தக் கணக்குலயும் வர்றதே இல்ல. அதனால சீட்டைக் கையில வாங்குன உடனே படிங்க, "நாய்க்கடி"ன்னு இல்லன்னா எழுதச் சொல்லுங்க, தேதியும் போடச் சொல்லுங்க.

சரி, உங்களுக்கு என்ன உரிமை? அரசு ஆஸ்பத்திரியில தடுப்பூசி இலவசம், யாரா இருந்தாலும். தோல்ல போடுற முறைன்னா கடிச்சு வந்த அன்னிக்கு, அப்புறம் 3, 7, 28-ஆவது நாள், மொத்தம் நாலு தடவை. ரத்தம் வர்ற அளவுக்குக் கடிச்சிருந்தா அதோட இம்யூனோகுளோபுலின், அதாவது ரேபிஸ் கிருமிய உடனே எதிர்க்கிற மருந்து, அதுவும் இலவசம். போறதுக்கு முன்னாடி வீட்டுலயே சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவுங்க. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாப்பொடி எதுவும் வைக்காதீங்க.

இனிமேதான் அலைச்சல். முதல்ல சொல்றது "இன்னும் ரெண்டு மூணு பேர் வரட்டும், நாளைக்கு வாங்க". ஒரு பாட்டில்ல பல பேருக்குப் போடலாம், திறந்தா சில மணி நேரத்துல முடிச்சாகணும், வீணாப் போயிடும்னு அவங்க பயப்படுறாங்க. அந்தக் கஷ்டம் புரியுது, ஆனா பாட்டில் வீணாகுறதும் ஒரு உயிர் போறதும் ஒண்ணு இல்ல. முதல் ஊசிய நாளைக்குத் தள்ள ஒத்துக்காதீங்க, டியூட்டி டாக்டரக் கேளுங்க, ராத்திரின்னா நேரா ஜி.எச் போயிடுங்க.

அடுத்தது "ஆதார் எங்க", "நீங்க எங்க ஏரியா இல்லையே". பேர், வயசு, ஊர் சொன்னா பதிவு பண்ண அது போதும், ஊசிய நிறுத்தறதுக்கு இது ரெண்டுமே காரணம் இல்ல. இதுல அதிகம் மாட்டுறது வேலைக்கு வந்த வெளிமாநிலக்காரங்களும் செங்கல் சூளையில இருக்கிறவங்களும்தான், திருப்பி அனுப்புனா அவங்க மறுபடி வர மாட்டாங்க, ஒரு நாள் கூலி போயிடும்ல.

"கீறல்தானே, வீட்டு நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே" இதுவும் கேப்பீங்க. ரத்தம் வராத கீறலுக்கும் தடுப்பூசி உண்டு. நாயை 10 நாள் கவனிக்கச் சொல்வாங்க, கவனிங்க, ஆனா ஊசிய ஆரம்பிச்சுட்டுக் கவனிங்க. கர்ப்பிணி, பால் குடுக்குற அம்மா, கைக்குழந்தை எல்லாருக்கும் போடலாம், போடணும்.

இருக்கிறதுலயே மோசமானது இம்யூனோகுளோபுலின் அலைச்சல். பி.எச்.சி-ல இல்ல, தாலுகா ஆஸ்பத்திரி போங்க, அங்க ஸ்டாக் இல்ல, மாவட்டத்துக்குப் போங்கன்னு துரத்துவாங்க. மூஞ்சியில கடிபட்ட குழந்தையத் தூக்கிட்டு அப்பா அம்மா பஸ் பஸ்ஸா ஏறி இறங்குறதப் பாத்திருக்கேன், ஒருத்தர் கூட போன் எடுத்து எங்க இருக்குன்னு விசாரிச்சுச் சொல்லல. அதனால கிளம்புறதுக்கு முன்னாடி முதல் தடுப்பூசிய அங்கயே போட்டுக்கோங்க, எங்க மருந்து இருக்குன்னு போன்ல கேட்டுச் சொல்லுங்கன்னு நில்லுங்க, ரெஃபரல் சீட்டு எழுத்துல வாங்குங்க. முதல் ஊசி போட்டு ஏழு நாளுக்குள்ள இம்யூனோகுளோபுலின் போடலாம், அதுக்கு மேல போயிட்டா பிரயோஜனம் இல்ல. அதைக் காயத்துக்குள்ளயும் சுத்தியும் போடணும், சும்மா கையிலயோ இடுப்புலயோ குத்தி அனுப்புனா "காயத்துல போடலயா"ன்னு கேளுங்க.

கடைசி ஊசிய நிறைய பேர் விட்டுடறாங்க, புண்ணு ஆறிடுச்சுன்னு. 28-ஆவது நாள் தேதிய கேலண்டர்ல வட்டம் போட்டு வைங்க. ஊர் மாறுனா ஊசி போட்டத எழுதிக் குடுக்குற கார்டோட எந்த அரசு ஆஸ்பத்திரிக்கும் போகலாம். தனியார்ல ஆரம்பிச்சிருந்தா தோல்ல போட்டாங்களா தசையில போட்டாங்களான்னு கார்டுல எழுதி வாங்குங்க, தசையில போட்டா தவணை வேற.

சாவு விஷயத்துல இன்னும் கவனமா இருக்கணும். கடிபட்டத வீட்டுல சொல்லலன்னா ஆஸ்பத்திரியில "மூளைக்காய்ச்சல்"னு எழுதி முடிச்சிடுவாங்க, அந்த 43-ல அவங்க இருக்க மாட்டாங்க. தண்ணியப் பாத்துப் பயப்படுறது, காத்து பட்டா துடிக்கிறது இருந்தா எப்ப நாய் கடிச்சதுன்னு டாக்டர்கிட்ட சொல்லி கேஸ் ஷீட்டுல எழுத வைங்க. நமக்குக் கிடைக்கிற டெத் சர்டிபிகேட்ல காரணம் இருக்காது. காரணம் எழுதுறது தனி சான்று, 2023-ல திருத்துன பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி அதோட நகல ஆஸ்பத்திரி நெருங்கின சொந்தத்துக்குக் குடுக்கணும். கேக்காம யாரும் குடுக்கறது இல்ல. பின்னாடி நஷ்டஈடு கேட்டு கோர்ட்டுக்குப் போனா ஓபி சீட்டு, ஊசி கார்டு, இந்த நகல் மூணும் இல்லாம வக்கீல் ஒண்ணும் பண்ண முடியாது.

ஊசி இல்லன்னு திருப்பி அனுப்புனா அங்க நின்னுக்கிட்டே 104-க்கு (அரசு மருத்துவ உதவி எண்) அடிங்க, அதுலயும் நடக்கலன்னா 1100 (முதல்வர் உதவி மையம்). எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணி, யார் சொன்னாங்க எல்லாம் சொல்லுங்க, புகார் நம்பர சீட்டுக்குப் பின்னாடியே எழுதிக்கோங்க.