பாராசிட்டாய்டு: சொல் விளக்கம்

இன்னொரு பூச்சியின் முட்டையிலோ புழுவிலோ வளர்ந்து, முடிவில் அதைக் கொன்றே தீரும் பூச்சி. பெரும்பாலும் குளவி, சில ஈக்களும் உண்டு.

வேர் கிரேக்கம். 'பாரா' பக்கத்தில், 'சிட்டோஸ்' தானியம், உணவு. அடுத்தவர் பந்தியில் ஒட்டிக்கொண்டு சாப்பிடுகிறவர் 'பாராசிட்டோஸ்'. அதில் பிறந்த பாராசைட்டுக்கு நம் 'ஒட்டுண்ணி' கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் பேனுக்கு, தலைக்குரியவர் செத்தால் நஷ்டம். குளவிக்கு அந்தக் கவலை இல்லை. இந்த வேறுபாட்டுக்காகவே ஃபின்லாந்துப் பூச்சியியலாளர் ராய்ட்டர் 1913-இல், 'போன்ற' எனப் பொருள்படும் 'ஆய்டு' விகுதியைச் சேர்த்துப் புதுச்சொல் படைத்தார்.

ஃப்ளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்களில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். கரீபியன் தீவுகளின் டயாப்ரெப்பஸ் கூன்வண்டு 1964-இல் அங்கே தலைகாட்டியது. தாய்வண்டு இரண்டு இலைகளைப் பசையால் ஒட்டி, இடுக்கில் முட்டைகளைக் குவியலாக வைக்கும். பொரிந்த புழு மண்ணில் விழுந்து மாதக்கணக்கில் வேரைக் கடிக்கும். அங்கே மருந்து எட்டுவது கடினம். ஆகவே முட்டையிலேயே மடக்க, கரீபியனிலிருந்தே சிறு குளவிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். குவாட்ராஸ்டிக்கஸ் ஹைட்டியென்சிஸ், அப்ரோஸ்டோசெட்டஸ் வாக்கிட்டாரம் இரண்டும் தெற்கு ஃப்ளோரிடாவில் வேரூன்றின. வடக்கே குளிர் இடம் கொடுக்கவில்லை. முன்னது முட்டைக்குள் வளர்கிறது. பின்னதன் புழு வெளியே இருந்தபடி பல முட்டைகளைத் தின்று தீர்க்கிறது. இதை இரைவிழுங்கி, அதாவது இரையைத் தேடித் தின்னும் உயிர், என்றாலும் தப்பில்லை. இயற்கை நம் அகராதியைப் பார்த்து நடப்பதில்லையே!

தமிழில் வேளாண் துறையினர் பாராசைட், பாராசிட்டாய்டு இரண்டுக்கும் 'ஒட்டுண்ணி' என்றே சொல்லிவிடுகிறார்கள். கரும்பில் இடைக்கணுப்புழுவை ஒழிக்க, டிரைக்கோகிரம்மா என்ற சிறு குளவி வளரும் முட்டைகளை ஒட்டிக் கட்டும் அட்டைக்கு 'முட்டை ஒட்டுண்ணி அட்டை' என்று பெயர். குளவி வளரும் முட்டைகள் கறுத்திருக்கும். அதைப் பார்த்து அட்டை கட்டும் விவசாயிக்கு இதில் குழப்பமே கிடையாது. பாடப் புத்தகத்தில்தான் இடறும்.

'ஒட்டுண்ணிப்போலி' என்றால் ஏதோ கலப்படச் சரக்குபோல் ஒலிக்கிறது. 'ஒட்டுண்ணிக் குளவி' பேச்சுக்கு நன்று, ஆனால் ஈக்கள் விடுபடும். என் தேர்வு 'கொல்லொட்டுண்ணி'. கொல்களிறு போல வினைத்தொகை. கொல்லும் வேலையும் பெயரிலேயே வந்துவிடுகிறது.

பயன்பாடு: மாட்டின் காதில் தொங்கும் உண்ணி ஒட்டுண்ணி, கூன்வண்டின் முட்டைக்குள் வளரும் குளவி கொல்லொட்டுண்ணி.