விரிசல் கண்டதும் வெல்டிங் பட்டறைக்குப் போகாதீர்கள்

போன ஆடி மாதத்தில் ஒரு நாள், கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் தன் கியர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு காரைக்குடியில் உள்ள என் கடைக்கு வந்தார். “மிதிச்சா டொக் டொக்னு சத்தம் வருதுண்ணே. பி.பி. போயிருச்சுன்னு நினைக்கிறேன்” என்றார். பெடல் அச்சு சுழலும் பேரிங்கைத்தான் அப்படிச் சொல்வோம். எதையும் கழற்றுவதற்கு முன் ஃபிரேமைத் துடைத்துப் பார்ப்பது என் வழக்கம். செம்மண் புழுதி போனதும், ஹேண்டில் கழுத்துக்குக் கீழே சாய்ந்து இறங்கும் பெரிய குழாயின் அடிப்பக்கத்தில், வெல்டிங் ஓரமாக முடி போல ஒரு கருப்புக் கோடு தெரிந்தது. மறுபடி துடைத்தேன். போகவில்லை.

“தம்பி, இது கிராக்.”

அவர் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை: “பக்கத்துப் பட்டறையில ஆர்கான் வெல்டிங் இருக்குல்ல? அடிச்சுட்டு வந்துரவா?”

எங்கள் பக்கத்தில் பத்துப் பேரில் ஒன்பது பேர் இதைத்தான் கேட்பார்கள். அதில் தப்பும் இல்லை. அப்பா கடை நடத்திய காலத்தில் வந்தவை எல்லாம் இரும்பு சைக்கிள்கள். ஃபிரேம் வெடித்தால் பித்தளை ஊற்றி ஒட்டுவார்கள். அதன்பிறகும் இருபது வருஷம் பால் கேன் சுமக்கும். இரும்பு மன்னிக்கும். தம்பியின் ஃபிரேம் அலுமினியம், அது அப்படி இல்லை.

கட்டுக்கம்பியை வளைத்து நிமிர்த்தி வளைத்து நிமிர்த்தி ஒடிப்போமே, அதே கதைதான். ஒவ்வொரு மிதியிலும், ஒவ்வொரு பள்ளத்திலும் ஃபிரேம் கண்ணுக்குத் தெரியாமல் வளைந்து நிமிர்கிறது. இரும்பில் ஓர் அளவுக்குக் கீழே இருக்கும் சுமையை எத்தனை முறை ஏற்றினாலும் களைப்பு வராது. அலுமினியத்துக்கு அப்படி ஒரு எல்லை கிடையாது. சின்னச் சுமையும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் ஐ.எஸ்.ஓ. 4210 என்ற சர்வதேசத் தரச் சோதனையில் மவுண்டன் பைக் ஃபிரேமை, பெடல் மீது 1,200 நியூட்டன் விசை கொடுத்து 1,00,000 முறை அழுத்திப் பார்க்கிறார்கள். கிட்டத்தட்ட 120 கிலோ எடையுள்ள ஆள் ஏறி நின்று மிதிப்பது போல. அதில் தேறிய ஃபிரேமிலும் வெல்டிங்கில் ஓர் இடம் சரியாக ஊடுருவாமல் போயிருந்தால், விரிசல் அங்கேதான் பிறக்கும்.

சரி, விரிசலை ஆர்கானில் அடைத்தால் என்ன? பல அலுமினிய ஃபிரேம்கள் 6061 என்ற கலவையில் செய்யப்படுபவை. தொழிற்சாலையில் வெல்டிங் முடிந்ததும் முழு ஃபிரேமையும் 500 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, மறுபடி மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்து எடுப்பார்கள். அந்தப் பதத்துக்குப் பெயர் டி6. பட்டறையில் ஓரிடத்தில் மட்டும் சூடு காட்டினால் அந்த இடத்தைச் சுற்றிப் பதம் போய், பலம் ஏறத்தாழ பாதிக்கு இறங்கிவிடும். வெளியே தையல் அழகாகத் தெரியும், அதை ஒட்டியே அடுத்த விரிசல் கிளம்பும். ஹேண்டில் கழுத்தில் அது முழுசாக விட்டால் பல்லும் தாடையும் தப்பாது. இன்னொன்று: வெல்டிங் வைத்த நிமிஷமே வாரண்டி செத்தது. எந்த நிறுவனமும் அதன்பிறகு பேசாது.

தம்பியின் சைக்கிள் மூன்று வருஷம் ஆனது. விலை நாற்பதாயிரத்துக்கு மேல். ஃபிரேமுக்கு ஆயுட்கால வாரண்டி. வாங்கும்போது கடைக்காரர் சொன்னது அவருக்கு ஞாபகம் இல்லை. பில்லோடு வந்த சின்னப் புத்தகத்தில் இருந்தது.

இங்கே ஒரு விஷயம். செட்டிநாட்டு வீடுகளில் கல்யாணச் சீர்ச் சாமானில் எவர்சில்வர் கரண்டி வரைக்கும் எழுதி வைத்திருப்பார்கள். பர்மாவில் கொண்டுவிற்ற காலத்துக் கணக்கு நோட்டு இன்னமும் பெட்டகத்தில் இருக்கும். சைக்கிள் பில்லை மட்டும் மூன்றாம் மாதமே காணோம் என்பார்கள்! பில் இல்லாமல் வாரண்டி இல்லை. வாங்கிய அன்றே போட்டோ எடுத்து உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பி வையுங்கள். பல நிறுவனங்கள் தங்கள் தளத்தில் சைக்கிளைப் பதிவு செய்யச் சொல்கின்றன. அதற்கு நாள் கெடுவும் வைத்திருப்பார்கள்.

ஆயுட்காலம் என்ற சொல்லிலும் ஏமாந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது முதலில் வாங்கியவருக்கு மட்டும். சித்தப்பா மகன் வேலைக்குப் போனதும் உங்களுக்குக் கொடுத்த சைக்கிளுக்கு அது ஒட்டாது. எங்கள் ஊரில் அடிக்கடி வருகிற இன்னொரு கேஸ், மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மாமா பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தது. நல்ல சைக்கிளாகத்தான் இருக்கும். ஆனால் வாங்கிய நாட்டில், வாங்கிய கடை வழியாகத்தான் கேட்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் எழுதி வைத்திருக்கின்றன. மாமா மறுபடி பெட்டி கட்ட வேண்டியதுதான்.

விரிசல்தானா, வெறும் பெயின்ட் கோடா என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். பெயின்ட் என்றால் துணியால் துடைத்தபின் கோடு அப்படியே மங்கலாக இருக்கும். விரிசல் என்றால் நாலு நாள் ஓட்டியதும் அழுக்கை உறிஞ்சி மறுபடி கருக்கும். கோட்டின் இரு முனையிலும் மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்துவிட்டு, வீட்டுக்குள்ளேயே முன் பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டிலை அழுத்திப் பாருங்கள். விரிசல் என்றால் அது லேசாகத் திறந்து மூடும். உப்புத்தாள் போட்டுப் பெயின்டைச் சுரண்டிப் பார்க்காதீர்கள். ஆர்வத்தில் சுரண்டிவிட்டு வருகிறார்கள். பிறகு ‘நீங்களே கை வைத்திருக்கிறீர்கள்’ என்று ஒரு பேச்சு வரும்.

நிறுவனத்துக்காரர் முதலில் பார்ப்பது விரிசலை இல்லை, விரிசலைச் சுற்றியுள்ள இடத்தை. முன்னால் எதிலாவது மோதியிருந்தால் அந்தப் பெரிய குழாயின் அடியில் சின்னப் புடைப்போ சுருக்கமோ இருக்கும். விரலால் தடவினாலே தெரியும். அது இருந்தால் விபத்து, வாரண்டி கிடையாது. அடுத்து சீட் போஸ்ட், அதாவது சீட்டைத் தாங்கும் தண்டு. அதில் ஒரு கோடு போட்டிருப்பார்கள், அதற்கு மேல் உயர்த்தக் கூடாது என்று. பையன் ஒன்பதாம் வகுப்பில் வாங்கிய சைக்கிளைக் கல்லூரியிலும் ஓட்டுவான். ஆள் வளர்ந்திருப்பான், சீட்டை ஏற்றிக்கொண்டே போவான். அந்தக் கோடு வெளியே தெரிந்தால், சீட் குழாயில் வரும் விரிசலுக்கு நிறுவனம் பொறுப்பில்லை. நியாயமும் அதுதான் என்று நான் சொல்வேன். நெம்புகோல் போல அது குழாயைப் பிளக்கும்.

அப்புறம் ஜம்ப். சைக்கிள் எந்த மாதிரி ஓட்டத்துக்குச் செய்யப்பட்டது என்று பல கையேடுகளில் 1 முதல் 5 வரை வகை குறித்திருக்கும். 3 என்றால் கரடுமுரடான பாதை, இரண்டு அடிக்குள் குதிக்கலாம், அவ்வளவுதான். திருமயம் வரை போய் வருவதோ கண்மாய்க்கரையில் ஓட்டுவதோ இதற்குள் தாராளமாக அடங்கும். கரையில் இருந்து கண்மாய்க்குள் சைக்கிளோடு பாய்ந்து வீடியோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டால், அதையும் பார்ப்பார்கள்.

தம்பியின் ஃபிரேமில் புடைப்பு இல்லை, சீட் கோட்டுக்குக் கீழே இருந்தது. அன்றைக்கே படம் எடுத்தோம். சங்கிலிப் பக்கம் இருந்து முழு சைக்கிள். விரிசலுக்குப் பக்கத்தில் ஐந்து ரூபாய்க் காசு வைத்து ஒன்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடல் அச்சுக்கு அடியில் அடித்திருக்கும் ஃபிரேம் நம்பர். பில். எல்லாவற்றையும் ஒரே மெயிலில் விற்ற கடைக்கும் நிறுவனத்துக்கும் சேர்த்து அனுப்பச் சொன்னேன். என்ன நடந்தது என்பதை நாலு வரியில், உள்ளது உள்ளபடி. ‘சும்மா நிறுத்தி வைத்திருந்தேன், தானாக வெடித்தது’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். டயர் தேய்ந்திருப்பதைப் பார்த்தாலே பொய் தெரிந்துவிடும்.

விற்ற கடையில் இருந்து போன்தான் வந்தது. “ஜம்ப் அடிச்சிருப்பீங்க, கம்பெனி ஒத்துக்காது.” தம்பி துவண்டுவிட்டார். நான் சொன்னது ஒன்றே ஒன்று: “ஒத்துக்காதுன்னா அதை மெயிலில் எழுதித் தரச் சொல்லு.” அப்படிக் கேட்டபின் எட்டு நாள் சத்தமில்லை. ஒன்பதாம் நாள், ஃபிரேமை அனுப்புங்கள் என்று நிறுவனத்திடம் இருந்தே பதில் வந்தது. வாயால் மறுப்பது சுலபம். எழுத்தில் மறுக்கக் காரணம் வேண்டும்.

அப்படியும் மறுத்தால்? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு முதலில் சொல்லுங்கள். பல விஷயம் அங்கேயே முடிகிறது. முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கடை சென்னையில் இருந்தாலும் காரைக்குடி, தேவகோட்டைக்காரர்களுக்கு சிவகங்கை, திருமயம் பக்கத்தவர்களுக்குப் புதுக்கோட்டை. கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். குறை தயாரிப்பிலா ஓட்டியதிலா என்று தகராறு வந்தால், ஆணையமே பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப முடியும். அந்தச் செலவை முதலில் நாம் கட்ட வேண்டியிருக்கும். அதனால்தான் வெடித்த ஃபிரேமை ரசீது இல்லாமல் யாரிடமும் கொடுக்காதீர்கள் என்று கத்துகிறேன். அதுதான் சாட்சி.

ஃபிரேம் கிடைத்துவிட்டால் முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு அடுத்த அதிர்ச்சி காத்திருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முந்தைய மாடல் இப்போது வராது. தம்பிக்கு வந்த புது ஃபிரேம் நிறம் வேறு, போகட்டும். கழுத்து, கீழே அகலும் வகை. முன் சக்கரத்தைப் பிடிக்கும் பழைய ஃபோர்க்கோ நேர் தண்டு. பின் சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பின் அகலம் பழையது 135 மில்லிமீட்டர், புதியது 148. சீட் போஸ்ட்டின் விட்டம் பழையது 27.2, புதியது 30.9. ஃபோர்க்கை அடாப்டர் வைத்துப் பொருத்தலாம், சீட் போஸ்ட்டுக்கு வளையம் கிடைக்கும். பின் ஹப்புக்கு வழியில்லை, சக்கரமே புதிது வேண்டும். பெரும்பாலான வாரண்டியில் கூலியும் உதிரிபாகமும் அடங்காது. ஆகவே ஃபிரேமை அனுப்பச் சம்மதிக்கும் முன்பே, ‘என் பாகங்கள் பொருந்துமா, பொருந்தாவிட்டால் என்ன செய்வீர்கள்’ என்று கேட்டு எழுதி வாங்குங்கள். நாங்கள் கேட்டோம். சக்கரத்தில் பாதி விலையை அவர்கள் ஏற்றார்கள். என் கூலியைத் தம்பி இரண்டு தவணையில் கொடுத்தார்.

புது ஃபிரேம் நம்பரையும் அன்றே பதிவு செய்தோம். வாரண்டி புதிதாகத் தொடங்குமா, பழையதன் தொடர்ச்சியா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதையும் மெயிலில் கேட்டு வைத்துக்கொண்டார்.

பழைய ஃபிரேமைத் திருப்பி அனுப்பினார்கள், அறுத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி. யாரும் மறுபடி ஓட்டிவிடக் கூடாது என்பதற்காக. விரிசலை ஒட்டி ஹாக்சா பிளேடால் நான்தான் அறுத்தேன். உள்ளே பார்த்தால் கடற்கரை மணலில் அலை விட்டுப்போகும் கோடுகள் மாதிரி வரிசை வரிசையாக வளையங்கள், நாள்பட்டு வளர்ந்த விரிசலின் தடம். அந்தத் துண்டைக் கடை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். பக்கத்துப் பட்டறை அண்ணன் டீ குடிக்க வந்தபோது அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இவ்வளவு மெலிசாவா இருக்கும் உள்ள?” என்றார். “நான் இரும்பு மாதிரி நினைச்சுல்ல கரண்ட் வச்சிருப்பேன்.”