விலாவில் அடிதானே என்று விட்டுவிடாதீர்கள்: சிட்னியில் ஷ்ரேயஸ் ஐயருக்கு நடந்தது

2025 அக்டோபரில் இந்திய அணி மூன்று ஒருநாள் ஆட்டங்களுக்காக ஆஸ்திரேலியா போயிருந்தது. பெர்த்தில் மழைக்கு நடுவே ஒரு தோல்வி, அடிலெய்டில் இரண்டு விக்கெட் வித்தியாசத்தில் இன்னொரு தோல்வி. தொடர் அங்கேயே கைநழுவிவிட்டது. 25ஆம் தேதி சிட்னியில் நடந்த கடைசி ஆட்டம் ரசிகர்களுக்கு ரோஹித் சர்மாவின் 121, கோலியின் 74 என்று நினைவிருக்கும். விபத்துப் பிரிவில் வேலை பார்க்கும் என் போன்ற அறுவை சிகிச்சை மருத்துவர்களுக்கு அந்த ஆட்டம் ஒரு கேட்ச்சுக்காக நினைவிருக்கிறது.

ஹர்ஷித் ராணா வீசிய பந்தை ஆஸ்திரேலிய மட்டையாளர் அலெக்ஸ் கேரி தூக்கி அடித்தார். பேக்வர்ட் பாயிண்டில் ஃபீல்டிங் நின்ற இந்திய வீரர் ஷ்ரேயஸ் ஐயர் பின்பக்கமாக ஓடிப் பாய்ந்து பிடித்தார். விழுந்தபோது உடம்பின் இடது பக்கம் தரையில் மோதியது. 'இடது விலாவில் அடி, பரிசோதனைக்காக மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்' என்பதுதான் முதலில் வந்த அறிவிப்பு. அதற்குப் பிறகுதான் முழு விவரம் வந்தது: மண்ணீரல் கிழிந்து, வயிற்றுக்குள் ரத்தக்கசிவு; ஐசியுவில் சேர்த்திருந்தார்கள்.

'ஒரு கேட்ச் பிடிச்சதுக்கா ஐசியு?' என்று அந்த வாரம் என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. எங்கள் காஷுவாலிட்டி வாசலில் இதே கேள்வியை வேறு மாதிரி கேட்பார்கள். 'சைக்கிள்ல இருந்துதான சார் விழுந்தான், வெளியில ஒரு காயமும் இல்லையே!'

மண்ணீரல் இடது பக்கம், ஒன்பதாவது முதல் பதினொன்றாவது விலா எலும்பு வரையான இடத்துக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது. கைமுஷ்டி அளவு, ஏறக்குறைய 150 கிராம் எடை. உறுப்பு முழுக்க ரத்தம். மேலே மெல்லிய உறை. விலா எலும்பு முறிந்தால்தான் அது கிழியும் என்றில்லை. குழந்தைகளின் விலா முறியாமல் வளைந்து கொடுக்கும். அதனாலேயே அடியின் வேகம் அப்படியே உள்ளே இறங்கிவிடும். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் வீட்டுக்காரர்களுக்கு நிம்மதி வந்துவிடுகிறது. எக்ஸ்ரே மண்ணீரலைப் பற்றிப் பெரிதாக எதுவும் சொல்லாது என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

நான் பார்க்கும் மண்ணீரல் காயங்களில் பெரும்பகுதி பைக் விபத்து. அதற்கு அடுத்து, சைக்கிள் ஹேண்டில்பார் வயிற்றில் குத்திய பையன்கள், மரத்திலிருந்து விழுந்தவர்கள், மாடு முட்டியவர்கள். மைதானத்திலிருந்து வருபவர்கள் குறைவுதான். ஆனால் தாமதமாக வருவதில் அவர்கள்தான் முதலிடம். கேட்ச் பிடித்த பையன் எழுந்து நின்று பந்தைத் தூக்கிக் காட்டுகிறான், கூட்டம் கைதட்டுகிறது, அடுத்த ஓவர் தொடங்கிவிடுகிறது. இதில் வலியை யார் கவனிப்பது? இரவில் வலி கூடினால் அதற்கு மூச்சுப்பிடிப்பு என்று பெயர் வைத்து, தைலம் தேய்த்து நீவி விடுகிறார்கள். இல்லையென்றால் கேஸ் என்று சோடா வாங்கிக் கொடுக்கிறார்கள். கிழிந்த மண்ணீரலுக்கு மேலே அழுத்தி நீவுவதைப் போல ஆபத்தான வேலை வேறு இல்லை.

கவனிக்க வேண்டிய ஓர் அறிகுறியை முக்கியமாகச் சொல்ல வேண்டும். அடிபட்டது விலாவில், ஆனால் இடது தோள்பட்டை வலிக்கிறது என்பான். தோளை ஆட்டிப் பார்த்தால் எந்தத் தடையும் இருக்காது. வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துகிறது; அதன் நரம்பும் தோள்பட்டை நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து வருவதால் மூளை வலியைத் தோளில் காட்டுகிறது. படுத்தால் இந்த வலி கூடும். இதைச் சொல்லிக்கொண்டு வருபவரை நாங்கள் உட்கார வைத்துப் பேசுவதில்லை, நேராக ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போவோம்.

இன்னொரு சிக்கல், இளம் உடம்பின் சாமர்த்தியம். நல்ல உடற்பயிற்சி உள்ள இருபது வயதுக்காரர் உடம்பின் ரத்தத்தில் கால்வாசியை உள்ளே இழந்தபிறகும் பிபி இயல்பாகக் காட்டலாம். இதயம் வேகமாக அடித்து, தோலுக்குப் போகும் ரத்தக்குழாய்களைச் சுருக்கிச் சமாளிக்கும். அதனால் முதலில் மாறுவது நாடித்துடிப்பு. கை கால் ஜில்லென்று ஆகும், வியர்க்கும், தாகம் எடுக்கும், காரணமில்லாமல் படபடப்பாக இருக்கும். எழுந்து நின்றால் கண் இருட்டும். பிபி இறங்கும் கட்டம் வந்துவிட்டால் பிறகு எல்லாமே வேகமாக நடக்கும். 'இப்பதான் நல்லா பேசிட்டு இருந்தான்' என்று உறவினர்கள் சொல்வது பொய்யில்லை.

தானாக நடந்து வெளியேறினான் என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இது வயிற்றுக்கு மட்டுமான பாடம் இல்லை. 1998இல் டாக்காவில் ஒரு கிளப் ஆட்டத்தில் ஹெல்மெட் இல்லாமல், மட்டையாளருக்கு மிக அருகில் ஃபார்வர்ட் ஷார்ட் லெக்கில் நின்ற முன்னாள் இந்திய வீரர் ரமன் லாம்பா தலையில் அடிபட்டபின் நடந்தேதான் வெளியே போனார். மூன்று நாளில் இறந்துவிட்டார்.

சிட்னியில் ஐயருக்கு எது சரியாக அமைந்தது என்று பாருங்கள். அணியோடு மருத்துவர் பயணம் செய்கிறார். அடிபட்டவரைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப யாரும் தயங்கவில்லை. காயம் உடனே கண்டறியப்பட்டு, ஒரு சிறு சிகிச்சைமுறையால் ரத்தக்கசிவு நிறுத்தப்பட்டது என்று கிரிக்கெட் வாரியம் பின்னர் அறிவித்தது. அணி மருத்துவர் அவரோடு சிட்னியிலேயே தங்கினார். நவம்பர் 1ஆம் தேதி ஐயர் மருத்துவமனையிலிருந்து வெளியே வந்த செய்தி வந்தது. விமானப் பயணத்துக்குத் தகுதி என்று சொல்லும்வரை அங்கேயே தங்கச் சொல்லிவிட்டார்கள்.

நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட்டுக்கு மைக் செட் இருக்கிறது, ஆளுயரக் கோப்பை இருக்கிறது, யூடியூப் நேரலைகூட இருக்கிறது. அருகில் சிடி ஸ்கேனும் ரத்த வங்கியும் உள்ள மருத்துவமனை எது என்று தெரிந்தவர் ஒருவர்கூட இருப்பதில்லை. அமைப்பாளர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

இடது விலாவிலோ மேல்வயிற்றிலோ பலமாக அடிபட்டு வலி நிற்கவில்லை என்றால் ஆட்டத்தை விட்டு வெளியே கொண்டுவந்து படுக்க வையுங்கள். சாப்பிடவும் குடிக்கவும் எதுவும் கொடுக்க வேண்டாம். வலி மாத்திரை, வலி ஊசி போட்டுவிட்டு மறுபடி இறக்கிவிடாதீர்கள். சில வலி மாத்திரைகள் ரத்தம் உறைவதையும் கெடுக்கும். பைக்கில் இரண்டு பேருக்கு நடுவில் உட்கார வைத்துக் கூட்டிப்போவதைப் பெருமையாகச் செய்கிறார்கள். மயங்கிச் சரிந்தால் என்ன செய்வீர்கள்? 108ஐக் கூப்பிடுங்கள். சமீபத்தில் மலேரியாவோ, கழுத்தில் நெறிகட்டிய நீண்ட காய்ச்சலோ வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்போது மண்ணீரல் வீங்கியிருக்கும், சின்ன அடியே போதும்.

மருத்துவமனையில் முதல் அல்ட்ராசவுண்டில் ஒன்றும் தெரியவில்லை என்பதும் முழு உத்தரவாதம் ஆகாது. சந்தேகம் இருந்தால் மருந்து ஏற்றி சிடி எடுப்போம். பிபி நிலையாக இருந்தால் பெரும்பாலும் கத்தி வைக்க மாட்டோம். படுக்க வைத்து, நாடியையும் ஹீமோகுளோபினையும் திரும்பத் திரும்பப் பார்ப்போம். தேவைப்பட்டால் தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கசியும் ரத்தக்குழாயை உள்ளிருந்தே அடைப்போம். இந்த நாட்களில்தான் சண்டை வரும். 'ஒண்ணுமே பண்ணல, குளூக்கோஸ் மட்டும் ஏத்துறாங்க' என்று கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். நின்ற ரத்தக்கசிவு சில நாள் கழித்து, சிலருக்கு ஒன்றிரண்டு வாரம் கழித்துகூட மறுபடி தொடங்கலாம். வீட்டுக்குப் போனபின்னும் மோதல் உள்ள விளையாட்டுக்குப் பொதுவாக இரண்டு மூன்று மாதம் ஓய்வு சொல்வோம். ஐயரும் அடுத்து உள்நாட்டில் நடந்த தென்னாப்பிரிக்கத் தொடரில் ஆடவில்லை.

மண்ணீரலைக் காப்பாற்ற இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம், சில கிருமிகளை ரத்தத்திலிருந்து வடிகட்டுவது அதுதான். ரத்தக்கசிவு நிற்காமல் அதை எடுக்க வேண்டி வந்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். பழைய விபத்து, வயிற்றில் நீளத் தழும்பு, 'ஏதோ எடுத்தாங்க' என்ற நினைவு மட்டும். அப்படி யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் பழைய டிஸ்சார்ஜ் அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் (Hib) என்ற மூன்று கிருமிகளுக்கான தடுப்பூசிகள் போடப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். விட்டுப்போயிருந்தால் இப்போதும் போட்டுக்கொள்ளலாம். அவர்களுக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டு மறுநாள்வரை பார்க்கக் கூடாது. அன்றே, ராத்திரி ஆனாலும், மருத்துவமனைக்குப் போய் 'மண்ணீரல் எடுத்தவர்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.