அவள் கையெழுத்து மட்டும் போதும்

கம்பத்திலிருந்து மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் ஜீப்புகள் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடும். கம்பம்மெட்டு வழியாக ஒரு கூட்டம், குமுளி வழியாக ஒரு கூட்டம். இருட்டும் நேரத்துக்குத் திரும்புவார்கள். சில வருடங்களுக்கு முன், காய் எடுப்பு மும்முரமாக நடந்த ஒரு புரட்டாசி மாதத்தில், அப்படித் திரும்பிய ஒரு ஜீப் வீடுகளுக்குப் போகாமல் நேராக எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. பின்னால் இரண்டு பெண்களின் மடியில் ஒருத்தி படுத்திருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெளுத்துக் கிடந்தது. "வயித்துவலிகூட தாங்கிக்கலாம் டாக்டரம்மா, இந்தத் தோள்பட்டைதான் பிடுங்கி எடுக்குது. மூட்டை தூக்கினதுல பிடிச்சுக்கிச்சுபோல" என்றாள்.

அந்தத் தோள் வலியைக் கேட்டதும்தான் எனக்குப் பதற்றம் வந்தது. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து, வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத்தைத் தொட்டால், வலி தோளில் தெரியும். அவளுக்குக் கருக்குழாயில் தங்கியிருந்த கரு வெடித்திருந்தது. வயிற்றைத் திறந்தபோது ஒன்றரை லிட்டருக்கு மேல் ரத்தம் தேங்கியிருந்தது. தேனியிலிருந்து ரத்தம் வந்து சேரும்வரை நாங்கள் பட்ட பாட்டை எழுதினால் அதுவே ஒரு கட்டுரை ஆகிவிடும். பிழைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் கஞ்சி குடித்துக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். பத்து நாள் முன்பு அவள் எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்திருக்கிறாள். நாள் தள்ளிப்போயிருந்தது. இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், மூன்றாவது வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். கவுன்ட்டரில் "வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போடணும்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, தீபாவளிக்குத்தான் வருவார். தோட்டத்தில் கூட வேலை பார்க்கும் ஒருத்தி மாத்திரை அட்டை வாங்கிக் கொடுத்தாளாம். எங்கே வாங்கியது என்று அவள் சொல்லவில்லை, நானும் துருவவில்லை. மாத்திரை போட்டதும் இரண்டு நாள் ரத்தம் போனது. கலைந்துவிட்டது என்று நம்பி வேலைக்குப் போய்விட்டாள்.

இந்த இடத்தில் மாத்திரையைத் திட்டுவது சுலபம். மிஃபிப்ரிஸ்டோனும் மிசோப்ரோஸ்டாலும் நல்ல மருந்துகள். மிஃபிப்ரிஸ்டோன் இந்தியாவில் 2002 முதல் அனுமதியில் இருக்கிறது. கரு கர்ப்பப்பையில்தான் இருக்கிறது என்று தெரிந்து, 9 வாரத்துக்குள், டாக்டர் கண்காணிப்பில் எடுத்தால் மிகப் பெரும்பாலானோருக்குப் பிரச்சினை வருவதில்லை. ஆனால் குழாயில் தங்கிய கருவை இவை கலைப்பதில்லை. கர்ப்பப்பையின் உள்சவ்வு மட்டும் கழிந்து ரத்தம் போகும், அதைப் பார்த்து எல்லாம் முடிந்தது என்று பெண் நினைத்துக்கொள்வாள். நூறு கர்ப்பத்தில் ஒன்றோ இரண்டோ இப்படிக் குழாயில் தங்கும். அன்றைக்கு நாங்கள் அவளை உட்காரவைத்து ஒரு ஸ்கேன் எடுத்திருந்தால் கண்டுபிடிக்க வாய்ப்பு இருந்தது. நாங்களோ கையெழுத்துக் கேட்டு அனுப்பிவிட்டோம்.

அந்தக் கையெழுத்தை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. 1971-இல் வந்த கருக்கலைப்புச் சட்டம் சம்மதம் என்று சொல்வது 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதத்தை மட்டும்தான். சிறுமியாக இருந்தாலோ மனநோய் இருந்தாலோ பாதுகாவலர் கையெழுத்து வேண்டும். மற்றபடி கணவர், மாமியார், அண்ணன் யாருடைய அனுமதியும் தேவையில்லை. 'படிவம் சி' என்ற சம்மதப் படிவத்தில் கணவர் கையெழுத்துக்கென்று ஓர் இடமே கிடையாது. எங்கள் ஆஸ்பத்திரியில் யாரோ எப்போதோ தாங்களாகவே ஒரு வரி சேர்த்து அச்சடித்திருக்கிறார்கள். வருடக்கணக்காக நானும் அதே தாளில்தான் கையெழுத்துப் போட்டு வந்திருக்கிறேன், அந்த வரியைப் பார்த்தும் கேள்வி கேட்காமல். அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

ஏன் கேட்கிறோம் என்று சக டாக்டர்களிடம் பேசினால் ஒரே பதில்தான் வரும்: "நாளைக்குப் புருஷன்காரன் ஆளைக் கூட்டிக்கிட்டு வந்து சண்டை போட்டா யார் பதில் சொல்றது?" இந்தப் பயம் பொய்யில்லை. எங்கள் பக்கம் அப்படிச் சண்டை நடந்தும் இருக்கிறது. ஆனால் தன் சம்மதம் இல்லாமல் கருவைக் கலைத்தார்கள் என்று மனைவிமீதும் டாக்டர்கள்மீதும் நஷ்டஈடு கேட்டு ஒருவர் போட்ட வழக்கை, பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் 2011-இல் தள்ளுபடி செய்தது. 2017-இல் உச்ச நீதிமன்றமும் அவர் மேல்முறையீட்டை ஏற்கவில்லை. நம்முடைய பயத்துக்கான விலையை அந்தப் பெண் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

தமிழ்நாடு-கேரள எல்லையோர ஊர்களில் இன்னொரு விஷயம் உண்டு. கம்பத்துப் பெண் குமுளி ஏறுவாள், குமுளிப் பெண் கம்பம் இறங்குவாள். சட்டம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான், வசதியிலும் பெரிய வித்தியாசம் இல்லை. அவர்கள் தேடுவது தெரிந்த முகம் இல்லாத ஒரு பெஞ்சை. அப்படி மலை தாண்டி வந்து உட்கார்ந்தவளை, நிறைந்த ஹாலில் "அந்த டி.என்.சி கேஸ் யாரும்மா?" என்று கூப்பிட்டால்? நான் இதை என் காதால் கேட்டிருக்கிறேன். கருக்கலைப்புச் சட்டத்தில் 2021-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, கருக்கலைப்பு செய்துகொண்டவரின் பெயரையோ விவரத்தையோ சட்டப்படி உரிமை இல்லாதவருக்கு வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். டாக்டர்களிலேயே பலருக்கு இது தெரியாது. இப்போது எங்களிடம் எல்லோருக்கும் டோக்கன் எண் மட்டும்தான், எதற்கு வந்தாலும் சரி.

மொழியும் இதில் சேரும். மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ அச்சடித்த தாளில், வாசிக்கத் தெரியாத தமிழ்ப் பெண்ணிடம் "இங்கே கையெழுத்துப் போடு" என்று விரலைக் காட்டினால், அதைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? மலைக்கு மேல் தமிழ் பேசத் தெரிந்த நர்ஸுகள் நிறையவே இருக்கிறார்கள். ஐந்து நிமிடம் வாய்விட்டு வாசித்துச் சொன்னால் போதும்.

அப்புறம், கலைப்பதற்கு நிபந்தனை போடுவது. "குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செஞ்சுக்கறதா இருந்தா இதைச் செய்றேன், இல்லன்னா வேற இடம் பாரு." இரண்டு பிள்ளை பெற்ற ஏழைப் பெண்ணிடம் இப்படிப் பேசுவதைப் பலர் அக்கறை என்றே நினைக்கிறார்கள். காப்பர்-டி, ஊசி, மாத்திரை, ஆபரேஷன் எல்லாவற்றையும் எடுத்துச் சொல்வது நம் வேலை. ஒன்றைக் கொடுத்தால்தான் இன்னொன்று என்று பேரம் பேசினால் அது வற்புறுத்தல்.

சரி, கருவில் இருப்பதும் உயிர்தானே என்று கேட்பவர்கள் உண்டு. என் அம்மாவே கேட்டிருக்கிறார். லேசான கேள்வி இல்லை. ஆறாவது வாரத்தில் திரையில் அந்தத் துடிப்பு மினுக் மினுக்கென்று தெரியும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அது எனக்குச் சாதாரணமாகிவிடவில்லை. கலைக்க வந்தவளிடம் திரையைத் திருப்பிக் காட்டுவதில்லை. "பார்க்கணுமாம்மா?" என்று மட்டும் கேட்பேன். சிலர் பார்க்க வேண்டும் என்பார்கள், பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டவர்களும் உண்டு, பார்த்த பிறகும் முடிவை மாற்றாதவர்களும் உண்டு. பார்க்கச் சொல்லி வற்புறுத்துவது, துடிப்புச் சத்தத்தைக் கூட்டி வைப்பது, இதெல்லாம் தண்டனை. தண்டனை கொடுக்க நமக்கு அதிகாரம் இல்லை.

எங்கள் ஆஸ்பத்திரியில் கட்டப்பனைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு நர்ஸ் இருக்கிறார், எல்லோருக்கும் அவர் சேச்சி. சேர்ந்த வாரமே என்னிடம் வந்து, "டாக்டர், இந்த புரொசீஜர்ல மட்டும் என்னால நிக்க முடியாது" என்றார். அவர் நம்பிக்கையை நான் மதிக்கிறேன், டியூட்டியை மாற்றிப் போட்டோம். ஆனால் அவரிடமும் ஒன்று சொன்னேன்: ரத்தப்போக்கோடு வருகிறவளிடம், இது தானாகக் கலைந்ததா கலைத்ததா என்று கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. அவரும் அப்படி நின்றதே இல்லை. டாக்டர்களுக்கு இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகள் இன்னும் கண்டிப்பானவை. மருத்துவக் காரணம் இருக்கும்போது, மதத்தை மட்டும் காரணம் காட்டிக் கருக்கலைப்பை மறுக்கக் கூடாது. செய்வதில்லை என்று வைத்திருக்கும் இடங்கள் அதை முதல் நிமிடத்திலேயே சொல்லி, செய்யும் இடத்தையும் சொல்லி அனுப்ப வேண்டும். "அடுத்த வாரம் வா, பார்க்கலாம்" என்று இழுப்பதால் நாள் ஏறும், ஆபத்தும் சேர்ந்து ஏறும்.

பெலகாவியைச் சேர்ந்த சவிதா ஹலப்பனவர் என்ற பல் மருத்துவர் 2012 அக்டோபரில் அயர்லாந்தின் கால்வே நகரத்தில் இறந்துபோனது பலருக்கு நினைவிருக்கும். 17 வாரம், கரு தங்காது என்று டாக்டர்களுக்கே தெரிந்திருந்தது. கலைத்துவிடுங்கள் என்று கேட்டும், கருவின் துடிப்பு நிற்கட்டும் என்று காத்திருந்ததில் ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது. அவருக்கு வயது 31. அந்த நாடு 2018-இல் வாக்கெடுப்பு நடத்திச் சட்டத்தையே மாற்றியது. நம் சட்டத்தில் தாயின் உயிரைக் காப்பாற்ற உடனடியாகச் செய்தாக வேண்டும் என்றால் வாரக் கணக்கே கிடையாது.

வாரக் கணக்கு என்றால், கடைசியாகத் தீட்டான முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்துப் போதும். 20 முதல் 24 வரை இரண்டு டாக்டர்கள், அதுவும் சில நிலைகளில் உள்ள பெண்களுக்கு மட்டும்: பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், சிறுமிகள், கர்ப்பத்தின் நடுவில் விதவையானவர்கள் அல்லது விவாகரத்தானவர்கள், மாற்றுத்திறனாளிகள், கருவில் கோளாறு உள்ளவர்கள் என்று அந்தப் பட்டியல் போகும். கல்யாணம் ஆகாதவர்களை இதிலிருந்து ஒதுக்கக் கூடாது என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 24-க்கு மேல், கருவில் பெரிய கோளாறு என்றால் மருத்துவ வாரியம் முடிவு செய்யும். இதனால்தான் 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள் என்று தோட்டத்துப் பெண்களிடம் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். ஒரு நாள் கூலி போகுமே என்று 23-ஆவது வாரத்தில் வந்தால், யோசிக்கக்கூட நாள் இருக்காது.

சிறுமிகள் விஷயத்தில், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி நாங்கள் போலீசுக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். அதற்குப் பயந்து எங்கேயோ கொண்டுபோய்க் கலைக்கிறார்கள். சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் டாக்டர் வெளியிட வேண்டியதில்லை என்பதையும் அதே 2022 தீர்ப்பு சொல்கிறது. தயவுசெய்து பிள்ளையைக் கூட்டி வாருங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் அசைய மாட்டேன். "பொண்ணா இருந்தா வேணாம்." மதுரைக்குப் போகும் வழியில் உசிலம்பட்டியைத் தாண்டும்போதெல்லாம் ஒரு காலத்தில் பெண் சிசுக்கொலைக்காக அந்த ஊர் பத்திரிகைகளில் அடிபட்டது மனசில் வரும். கருவின் பாலினத்தைப் பார்த்துச் சொல்வது 1994 சட்டப்படி குற்றம். ஆனால் இந்தச் சட்டத்தையும் கருக்கலைப்புச் சட்டத்தையும் போட்டுக் குழப்பி, "கலைக்கிறதே தப்பாம்" என்று ஊரெல்லாம் பேச்சு. ஸ்கேன் அறைச் சுவரில் ஒட்டிய எச்சரிக்கையைப் பார்த்தே பயந்து திரும்பிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

எங்கள் படிவத்தில் இருந்த அந்த வரியை எடுத்துவிட்டோம். தமிழிலும் மலையாளத்திலும் புதிதாக அச்சடித்திருக்கிறோம். வருகிறவர்கள் கடைசியாகத் தீட்டான தேதி, பழைய ஸ்கேன் இருந்தால் அது, ரத்த வகைச் சீட்டு மூன்றையும் கொண்டு வாருங்கள். நெகட்டிவ் வகை என்றால் ஊசி தேவைப்படலாம். ஏற்கெனவே மாத்திரை போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், யாரும் திட்டமாட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பேட் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தாலோ, காய்ச்சல் நிற்காமல் இருந்தாலோ, ஒருபக்க வயிற்றுவலியோடு தலைசுற்றலோ தோள்பட்டை வலியோ வந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த ராத்திரியே வாருங்கள்.