பெட்டியில் 165 ஹெர்ட்ஸ், திரையில் 60

சென்ற மாதம் ஒரு கல்லூரி மாணவர் 27 அங்குல மானிட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். “பழைய மானிட்டருக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. பழுதா என்று பாருங்கள் அண்ணா” என்றார். விடுமுறையில் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில் வாங்கியது. எட்டு மாதம் ஆகியிருந்தது. என் மேசையில் இணைத்துப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. கணினியையும் கொண்டுவரச் சொன்னேன். விண்டோஸில் புதுப்பிப்பு வேகம், அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற கணக்கு, 60 ஹெர்ட்ஸிலேயே நின்றிருந்தது. பழைய மானிட்டரின் எச்டிஎம்ஐ கேபிளை அப்படியே செருகியிருந்தார். கூடவே வந்த டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் உறை பிரிக்கப்படாமல் பெட்டிக்குள் கிடந்தது. கேபிளை மாற்றி, செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே என்று போய் 165ஐத் தேர்ந்தெடுத்தேன். மவுஸைப் பிடித்துத் திரையில் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

கணினி பொருத்திக் கொடுக்கும் தொழிலில் இதை அடிக்கடி பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் வலிக்கிறது. மானிட்டர் வாங்கியவர்கள் உடனே இந்த அமைப்பைப் பாருங்கள். கேபிள், கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டில் அல்லாமல், படத்தை உருவாக்கித் தரும் கிராபிக்ஸ் கார்டில்தான் செருகப்பட்டிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். பல மானிட்டர்களில் முழு வேகம் டிஸ்ப்ளேபோர்ட்டில் மட்டுமே கிடைக்கும். எச்டிஎம்ஐயில் அதற்குக் குறைவாகத்தான் வரும்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு படத்தை 16.7 மில்லி நொடி வைத்திருக்கும். 144 ஹெர்ட்ஸ் திரை 6.9 மில்லி நொடி. 240 ஹெர்ட்ஸ் திரை 4.2 மில்லி நொடி. முதல் தாவலில் கிட்டத்தட்ட 10 மில்லி நொடி மிச்சம், அடுத்ததில் 3கூட இல்லை. 60இலிருந்து 144க்குப் போகும்போது கண் உடனே உணரும் வித்தியாசம், அதற்கு மேல் அவ்வளவு தெரியாததற்குக் காரணம் இதுதான். துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளைப் போட்டிக்காகவே ஆடுபவர் 240 வாங்கட்டும். மற்றவர்கள் 144 முதல் 180 வரை பார்த்துவிட்டு, மிச்சப் பணத்தை கிராபிக்ஸ் கார்டில் போடுங்கள் என்பேன்.

கார்டைப் பற்றி நினைக்காமல் மானிட்டர் வாங்கக் கூடாது. 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள் (படத்தின் புள்ளிகள்), 1440பியில் 36.9 லட்சம், 4கேயில் 82.9 லட்சம். 1080பியில் நொடிக்கு 100 படம் தந்துகொண்டிருந்த கார்டு, 4கே திரையில் மூச்சு வாங்கி 40க்கு இறங்கிவிடலாம். அப்போது 144 ஹெர்ட்ஸ் திரையும் அதே படத்தைத்தான் திரும்பத் திரும்பக் காட்டும். கார்டின் வேகத்துக்கு ஏற்பத் திரையும் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் ஃப்ரீசிங்க், ஜிசிங்க் வசதி இருந்தால், படம் கிழிவதும் திக்குவதும் குறையும். அது இல்லாத திரையை இன்று நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. பிளேஸ்டேஷன் 5க்காக வாங்குகிறீர்கள் என்றால் 120 ஹெர்ட்ஸுக்கு மேல் செலவு செய்யத் தேவையில்லை. 4கேயில் 120 வேண்டுமானால் எச்டிஎம்ஐ 2.1 இருக்கிறதா என்று பாருங்கள்.

பெரிய திரை என்றதும் எல்லோரும் 32 அங்குலம் கேட்கிறார்கள். முதலில் மேசையை அளந்து வாருங்கள். 32 அங்குலத் திரையின் அகலமே ஏறத்தாழ 71 சென்டிமீட்டர். 27 அங்குலம் 60 சென்டிமீட்டர். நம் வீட்டுக் கணினி மேசைகள் பலவற்றில் ஆழம் இரண்டடிதான். அதில் 32ஐ வைத்தால், விளையாட்டில் திரை ஓரத்தில் வரும் வரைபடத்தைப் பார்க்க ஒவ்வொரு முறையும் தலையைத் திருப்ப வேண்டும்; மாலைக்குள் கழுத்து வலிக்கும். 32 அங்குலத்தில் 1080பியை விலை மலிவு என்பதற்காக வாங்கவே வேண்டாம். எழுத்துகள் உதிரி உதிரியாகத் தெரியும். அதே அளவில் 1440பி எடுத்தால், 24 அங்குல 1080பி திரையின் தெளிவு கிடைக்கும். என் கணக்கில் இரண்டடி மேசைக்கு 27 அங்குல 1440பிதான் பொருத்தம்.

திரைக்குள் இருக்கும் பேனலில் விஏ, ஐபிஎஸ், ஓலெட் என்று வகைகள் உண்டு. விஏ ஆழ்ந்த கறுப்பைத் தரும். ஆனால் இருட்டுக் காட்சிகள் வேகமாக நகரும்போது மை இழுத்ததுபோல் தடம் விடும் விஏ திரைகள் பல. ஐபிஎஸ்ஸில் அந்தத் தடம் குறைவு, ஆனால் கறுப்பு அவ்வளவு ஆழமாக இருக்காது. ஓலெட் மிக அழகு, ஆனால் அதே திரையில் நாள் முழுக்க எக்செல் திறந்து வைத்து வேலை பார்ப்பவர்களுக்கு, அசையாத கோடுகள் திரையில் நிலையாகப் பதிந்துவிடும் ஆபத்து உண்டு. பிக்சல் நிறம் மாற எடுக்கும் நேரம் என்று பெட்டியில் எழுதியிருக்கும் “1 மில்லி நொடி” என்பதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். அதை அளக்கும் முறைகள் ஒன்றுக்கு மேற்பட்டவை. எந்த முறை என்று கடைக்காரரும் சொல்வதில்லை.

திரை வீட்டுக்கு வந்த அன்றே சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என ஒவ்வொரு நிறத்தையும் முழுத்திரையில் நிறுத்தி, செத்த பிக்சல், அதாவது நிறம் மாறாமல் நிற்கும் புள்ளி, இருக்கிறதா என்று தேடுங்கள். எத்தனை இருந்தால் மாற்றித் தருவார்கள் என்பதை வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். திருப்பித் தரும் கெடு முடியும்வரை பெட்டியையும் தெர்மோகோலையும் தூக்கி எறியாதீர்கள். போர்வையில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்த ஒரு 32 அங்குலத் திரை, குறுக்கே விரிசலோடு என் மேசைக்கு வந்தது. முதலில் இருந்த பழுது வெறும் பவர் அடாப்டரில்தான்.