ஆர்.ஓ. – எதிர்ச் சவ்வூடு பரவல்

ஆர்.ஓ. என்பதை ஏதோ ஒரு கம்பெனியின் பெயர் என்றே சென்னையில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கேன் தண்ணீர் போடுபவர் முதல் அடுக்குமாடிச் சங்கச் செயலாளர் வரை எல்லார் வாயிலும் புழங்கும் இந்த இரண்டெழுத்தின் விரிவு 'ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ்'. தமிழில் எதிர்ச் சவ்வூடு பரவல்.

முதலில் ஆஸ்மாசிஸ். 'ஓஸ்மோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்குத் தள்ளுதல் என்று பொருள். 1748இல் பிரான்ஸைச் சேர்ந்த நொல்லே, பன்றியின் சிறுநீர்ப்பையில் சாராயம் நிரப்பி நீரில் அமிழ்த்தினார். பையின் மெல்லிய சவ்வு வழியே நீர் உள்ளே புகுந்து பை உப்பிற்று. அடுத்த நூற்றாண்டில் துத்ரோஷே கிரேக்கச் சொல்லிலிருந்து இதற்குப் பெயர் வைத்தார். உலர்திராட்சையைத் தண்ணீரில் ஊறப்போட்டால் நடப்பதும் இதுதான்.

'சவ்வூடு பரவல்' பாடநூல் தந்த சொல். அதில் எனக்குப் பிடித்தது நடுவிலிருக்கும் 'ஊடு'. ஊடுபயிர், ஊடுருவல், நெசவின் ஊடும் பாவும் என்று நம்மிடம் ஏற்கெனவே இருந்த சொல். சவ்வைக் கிழிக்காமல் அதன் வழியே நுழைந்து போவதை இந்த ஈரெழுத்து அப்படியே காட்டிவிடுகிறது.

'ரிவர்ஸ்' என்பதைச் சிலர் 'தலைகீழ்' என்று எழுதுகிறார்கள். இங்கே எதுவும் கவிழ்வதில்லை, எழுதாதீர்கள். இயல்பாக விட்டால் நன்னீர்தான் உப்புநீரை நோக்கிப் போகும். கடல்நீரில் இந்த இழுப்பு ஏறத்தாழ 27 வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். அதை மீறி, ஆலைகளில் அதைவிட இரு மடங்கு அழுத்தம் கொடுத்து, உப்பு இப்பக்கமே நிற்க, நீரை மட்டும் சவ்வுக்கு அப்பால் தள்ளுகிறார்கள். எதிர்நீச்சல், எதிர்க்காற்று என்னும்போது நாம் உணரும் பாடு அந்த 'எதிர்' என்ற சொல்லில் இருக்கிறது. ஆங்கிலச் சொல் திசையை மட்டுமே சொல்கிறது. ஒரே குறை, 'பரவல்'. தள்ளப்படும் நீர் பரவுவதில்லை. ஆனாலும் நிலைத்துவிட்ட சொல்லை மாற்ற நான் துணியமாட்டேன்.

இந்தச் சொல் வீடு வந்து சேர்ந்தது பல்கலைக்கழகமும் தொழில்துறையும் கைகோத்ததால். செல்லுலோஸ் அசிடேட் படலம் உப்பைத் தடுக்கும் என்று 1950களில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் கண்டார்கள். ஆனால் நீர் மிக மெதுவாகவே கசிந்தது. லாஸ் ஏஞ்சலஸின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோபும், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் 1960 வாக்கில் அந்தத் தடையை உடைத்தார்கள். (திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயர் கொண்டவர் அவர். இந்தச் சொல்லைச் சொல்லும் ஒவ்வொரு வகுப்பிலும் அவர் பெயரும் ஒலிக்க வேண்டும்.) 1965இல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூரில் சவ்வு நீராலை ஓடியது. சவ்வைச் சுருளாகச் சுற்றிக் குழாய்க்குள் அடைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தவை நிறுவனங்கள்.

சென்னைக்கு 2010இல் மீஞ்சூரிலும் 2013இல் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் கிடைத்தன. ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். கொடுங்கையூரில் கழிவுநீரையே இம்முறையில் தூய்மையாக்கி வடசென்னைத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள். சென்னை ஐஐடியில் பேராசிரியர் பிரதீப்பின் குழு உருவாக்கிய, பூச்சிக்கொல்லி மருந்தை நீக்கும் வடிகட்டி 2007இல் யுரேகா ஃபோர்ப்ஸ் வழியாகச் சந்தைக்கு வந்தது, அது ஆர்.ஓ. அன்று, நானோ நுண்துகள்களின் வேலை.

ஐஐடியின் தரமணி ஆய்வுப் பூங்காவில் ஆய்வாளரும் நிறுவனத்தாரும் பேசும் மொழி ஆங்கிலமாக இருக்கலாம். இயந்திரத்தை ஓட்டுபவர் தமிழர். சவ்வைத் தாண்டி வருவதைப் 'பெர்மியேட்' என்றும் தங்கிவிடுவதை 'ரிஜெக்ட்' என்றும் அவருக்குச் சொல்லித்தருகிறோம். முன்னதை ஊடுநீர், பின்னதை எஞ்சுநீர் என்று சொல்லலாம் என்பது என் பரிந்துரை. 'ரிஜெக்ட்' என்றால் சாக்கடைக்குத்தான் போகும். எஞ்சுநீர் என்றால் வாளியில் பிடித்து மாடிப்படி கழுவத் தோன்றும்.