நெற்றியில் வைத்த கையும் சொல்லாமல் விட்ட எண்ணமும்

"படுக்க வைத்துப் பேசச் சொன்னால் நோய் எப்படித் தீரும்?" என்று உளப்பகுப்பாய்வைப் பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி.

நோயாளியைப் பேசவிட்டு மனதின் ஆழத்தை ஆராயும் இந்த முறையை உருவாக்கிய சிக்மண்ட் ஃப்ராய்ட், வியன்னாவில் நரம்பு ஆய்வாளராகத்தான் தொடங்கினார். அந்த வருமானத்தில் குடும்பம் நடத்த முடியாது என்பதால் மருத்துவத் தொழிலுக்கு வந்தார்; கல்யாணத்துக்கே நான்கு ஆண்டுகள் காத்திருந்தார். 1884இல் கொக்கெயினைப் புகழ்ந்து ஒரு கட்டுரை எழுதினார். மார்ஃபினுக்கு அடிமையாகியிருந்த நண்பர் ஃப்ளைஷ்லுக்கு அதையே மருந்தாகவும் பரிந்துரைத்தார். நண்பர் கொக்கெயினுக்கும் அடிமையாகி, 1891இல் இறந்துபோனார்.

இதற்கிடையே 1885இல் பாரிஸ் போய், நரம்பியல் மருத்துவர் ஷார்கோ ஹிப்னாடிசத்தின் மூலம் வெறும் சொல்லாலேயே கை கால்களைச் செயலிழக்க வைப்பதைப் பார்த்தார். அப்படியானால், உடலில் கோளாறு எதுவும் தெரியாமலே கை கால் செயலிழப்பது போன்ற அறிகுறிகள் வரும் ஹிஸ்டீரியாவின் வேர் எண்ணத்தில் இருக்கலாம் அல்லவா? மூத்த மருத்துவர் ப்ராயரும் மயக்கநிலையில் ஒரு பெண்ணைப் பேசவிட்டு, சில அறிகுறிகள் மறைவதைக் கண்டிருந்தார். ஆனால் அந்தப் பெண் முழுதாகக் குணமாகவில்லை. 1882இல் சிகிச்சை முடிந்த கையோடு ஒரு மனநல விடுதியில் சேர்க்கப்பட்டார்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இனிமேல்தான். எல்லோரையும் ஹிப்னாடிச மயக்கத்தில் ஆழ்த்த ஃப்ராய்டால் முடியவில்லை. அதனால் நோயாளியின் நெற்றியில் கையை வைத்து அழுத்தி, "இப்போது மனதில் என்ன வருகிறது?" என்று கேட்டார். எலிசபெத் என்ற புனைபெயரில் அவர் எழுதிய பெண், ஒன்றும் வரவில்லை என்றார். மறுபடி மறுபடி அழுத்திய பிறகு ஒரு நினைவைச் சொல்லிவிட்டு, முதல் தடவையே சொல்லியிருக்கலாம், ஆனால் நீங்கள் கேட்பது இதுவல்ல என்று நினைத்தேன் என்றார்.

இதை ஃப்ராய்ட் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. நினைவு வந்துவிட்டது, அது வாய்க்கு வருமுன் மனமே அதைத் தள்ளிவைத்திருக்கிறது. அற்பம், அசிங்கம், சம்பந்தமில்லாதது என்று எதைத் தள்ளுகிறோமோ, அங்கேதான் வலியும் இருக்கிறது. அப்படியென்றால் அழுத்தும் கைகூட வேண்டியதில்லை, தோன்றுவதை எதையும் வடிகட்டாமல் சொன்னாலே போதும். பேச்சு எங்கே தடுமாறுகிறதோ அங்கே மருத்துவர் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். இதுதான் தடையற்ற எண்ணத்தொடர் முறை. வாசகரின் கேள்விக்கு ஃப்ராய்ட் தரும் பதில் இது: ஒதுக்கிய நினைவு, அதற்குரிய உணர்ச்சியோடு சேர்ந்து வெளியே வரும்போது, அறிகுறிக்கு வேலை இல்லாமல் போகிறது.

1896 அக்டோபரில் அப்பா இறந்ததும் ஃப்ராய்ட் நிலைகுலைந்தார். ரயில் பயணப் பயமும் சாவைப் பற்றிய அச்சமும் ஏற்கெனவே அவருக்கு உண்டு. அடுத்த ஆண்டு தன் கனவுகளை வைத்துத் தன்னையே ஆராயத் தொடங்கினார்.

குழந்தைப் பருவத்துப் பாலியல் கொடுமையே ஹிஸ்டீரியாவுக்குக் காரணம் என்ற தன் கொள்கையை இனி நம்பவில்லை என்று 1897 செப்டம்பரில் நண்பர் ஃப்ளீஸுக்கு எழுதினார். தன் கொள்கையைத் தானே சந்தேகித்தது எனக்குப் பெரிய விஷயம்தான். ஆனால் அதன் பிறகு, நோயாளிகள் சொன்ன கொடுமைகளில் கற்பனைக்கு அவர் தந்த இடம் அளவுக்கு மீறியது என்பது என் கருத்து. அந்தப் பெண்களில் சிலருக்காவது அது உண்மையாகவே நடந்திருக்கும்.